மாநிறம் என்பது எந்த நிறம்?

“காணவில்லை. வயது 60. உயரம் 5 அடி 5 அங்குலம். மாநிறம். காணாமல் போன அன்று வெள்ளைச் சட்டையும் நீலக் கட்டம் போட்ட கைலியும் அணிந்திருந்தார்.”

பேருந்து நிலையச் சுவர்களிலும் நாளிதழ்களின் உள்பக்கங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் இப்படியொரு அறிவிப்பைப் படிக்காதவர்கள் இருக்க மாட்டார்கள். வயது எண்ணில் இருக்கிறது. உயரம் அங்குலக் கணக்கில் இருக்கிறது. சட்டையின் நிறமும் கைலியின் நிறமும் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்கின்றன. ஆளின் நிறத்துக்கு மட்டும் ‘மாநிறம்’. அது எந்த நிறம் என்று கேட்டால் வண்ண அட்டையில் ஒரு கட்டத்தைத் தொட்டு ‘இதுதான்’ என்று யாராலும் காட்ட முடியாது. ஆனாலும் அறிவிப்பைப் படிக்கிற எவருக்கும் அந்தச் சொல் புரியாமல் போவதில்லை.

2016-இல் ஹேமந்த் ராவ் இயக்கத்தில் ஒரு கன்னடப் படம் வந்தது. அல்சைமர் என்னும் மறதிநோய் வந்த தந்தை காணாமல் போகிறார். மகன் தேடி அலைகிறான். அனந்த் நாக் தந்தையாக நடித்த அந்தப் படத்தின் பெயர் ‘கோதி பண்ண சாதாரண மைகட்டு’. கோதுமை நிறம், சாதாரண உடற்கட்டு என்று பொருள். இரண்டு ஆண்டுகள் கழித்து ராதாமோகன் அதைத் தமிழில் எடுத்தார். பிரகாஷ் ராஜ் தந்தையாக நடித்த தமிழ்ப் படத்துக்கு ‘60 வயது மாநிறம்’ என்று பெயர். இரண்டு தலைப்புகளும் காணவில்லை அறிவிப்பின் நடையிலேயே அமைந்தவை. பெற்ற தகப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டிய நேரத்தில், தெருவில் போகிற பல்லாயிரம் பேருக்குப் பொருந்தக்கூடிய வார்த்தைகள்தாம் கைக்கு வருகின்றன என்ற துயரத்தை அந்தத் தலைப்புகள் சொல்லிவிடுகின்றன.

பல்லாயிரம் பேருக்குப் பொருந்தும் ஒரு நிறச்சொல்லால் என்ன பயன்? எல்லை தெரியாத ஒரு சொல்லை ஏன் தலைமுறை தலைமுறையாக விடாமல் வைத்திருக்கிறோம்? இதற்கு மொழியியல், உயிரியல், கணிதம் ஆகிய மூன்றும் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கின்றன.

தோலுக்கு மட்டுமே உரிய சொல்

மாநிறச் சட்டை என்று யாரும் கேட்டு வாங்குவதில்லை. வீட்டுச் சுவருக்கு மாநிறம் அடிப்பதில்லை. அந்தச் சொல் மனிதத் தோலுக்கு மட்டுமே உரியது. இப்படி ஒரே பொருளோடு கட்டுண்ட நிறச்சொற்களைப் பற்றி ஆய்வாளர்கள் முன்பே யோசித்திருக்கிறார்கள். பிரென்ட் பெர்லின் என்ற மானிடவியலாளரும் பால் கே என்ற மொழியியலாளரும் 1969-இல் வெளியிட்ட நூலில், உலக மொழிகளின் அடிப்படை நிறச்சொற்கள் 11 வகைக்குள் அடங்கும் என்றார்கள். எது அடிப்படைச் சொல் என்று தீர்மானிக்கச் சில விதிகளையும் வகுத்தார்கள். குறிப்பிட்ட சில பொருள்களுக்கு மட்டுமே வழங்கும் சொல்லாக அது இருக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. பொன்னிறத் தலைமுடியைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘பிளாண்ட்’ என்ற சொல் அந்த விதியால் பட்டியலுக்கு வெளியே போயிற்று. மாநிறமும் அதே காரணத்தால் வெளியேதான் நிற்கும்.

தமிழ்ப் பேச்சில் இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்கலாம். கறுப்பைக் கூட்டிச் சொல்லக் ‘கன்னங்கரேல்’ உண்டு. சிவப்புக்குச் ‘செக்கச்செவேல்’, வெள்ளைக்கு ‘வெள்ளைவெளேர்’, பச்சைக்குப் ‘பச்சைப்பசேல்’. மாநிறத்துக்கு அப்படி ஓர் உச்சம் கிடையாது. ‘மிகவும் மாநிறம்’ என்று சொன்னால் காதுக்கே ஒட்டவில்லை. கறுப்பும் சிவப்பும் இரு முனைகள். முனையை நோக்கிப் போகப் போக நிறம் கூடும். மாநிறம் இரண்டுக்கும் நடுவே கிடக்கும் பரப்பு. பரப்புக்கு உச்சம் எங்கே இருக்கும்?

ஆளைப் பற்றிப் பேசும்போது அந்த முனைச்சொற்களும் தம் நேர்ப்பொருளில் நிற்பதில்லை. ‘செவப்பா இருப்பான்’ என்றால் மிளகாய்ப்பழச் சிவப்பு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ‘நல்ல கலர்’ என்றால் வெளுத்த தோல் என்றே பொருள். தோலைப் பற்றிய பேச்சுக்குத் தமிழர்கள் ஒரு தனி அகராதியே வைத்திருக்கிறோம். அதன் நடுப்பக்கம் மாநிறம்.

அண்டை மொழிகளுக்கும் இந்த நடுப்பக்கம் தேவைப்பட்டிருக்கிறது. மலையாளத்தில் ‘இருநிறம்’. தெலுங்கில் ‘சாமனசாய’. கன்னடத்திலும் இந்தியிலும் கோதுமையின் நிறம். ஈழத்தமிழர் பேச்சில் ‘பொதுநிறம்’. தமிழ்நாட்டின் சில ஊர்களில் ‘புதுநிறம்’. இருபக்கமும் சாராத நடுவிடத்தைச் சொல்ல ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறது.

மாந்தளிரின் நிறம்

மாநிறத்துக்கு நெருங்கிய சொல் ஒன்று சங்கப்பாடல்களில் திரும்பத் திரும்ப வருகிறது. அது ‘மாமை’. தலைவியின் மேனி அழகை அந்தச் சொல்லால் குறித்தார்கள். உரையாசிரியர்கள் அதை மாந்தளிர் போன்ற நிறம் என்று விளக்கினார்கள். தலைவன் பிரிந்து போனால் தலைவியின் உடலில் பசலை என்னும் வெளிறல் படரும், மாமை மறையும். வெளுப்பது அங்கே இழப்பு. மாநிற மேனி அங்கே இயல்பான அழகு. கருநிறமும் அங்கே குறையல்ல: தொல்காப்பியத்தில் முல்லை நிலத்தின் தெய்வம் மாயோன், அதாவது கருநிறத்தோன்.

உவமைக்கு எடுத்த மாந்தளிரே ஒரு நிறத்தில் நிற்பதில்லை என்பது இதில் வியப்பான செய்தி. மாமரத்தின் இளந்தளிர் ஊதாவும் செம்பும் கலந்த நிறத்தில் விரிகிறது. ஆந்தோசயனின் என்ற நிறமிகள் அதற்குக் காரணம். இலை முற்ற முற்றப் பச்சையம் சேர்கிறது; செம்பு நிறம் மங்கி இளம்பச்சையாகி, பிறகு கரும்பச்சையாகிறது. ஒரே கிளையில் ஒரே நாளில் இத்தனை படிநிலைகளையும் பார்க்கலாம். ஒரு புள்ளியில் நில்லாத நிறத்துக்கு ஒரு புள்ளியில் நில்லாத உவமையைத் தேர்ந்தவர்கள் நம் முன்னோர்.

தோலுக்குள் என்ன இருக்கிறது?

தோலின் நிறத்தை முதன்மையாகத் தீர்மானிப்பது மெலனின் என்ற நிறமி. அதில் இரண்டு வகை. பழுப்பும் கறுப்புமான யூமெலனின் ஒன்று. மஞ்சளும் சிவப்புமான ஃபியோமெலனின் மற்றொன்று. இவற்றுடன் தோலுக்கடியில் ஓடும் இரத்தத்தின் சிவப்பும், காய்கறிகளிலிருந்து வந்து சேரும் கரோட்டினின் மஞ்சளும் கலக்கின்றன.

மெலனினை உண்டாக்குபவை மெலனோசைட் என்ற செல்கள். மேல்தோலின் அடியடுக்கில் இவை பரவியிருக்கின்றன. கறுத்தவர்களுக்கு இந்தச் செல்கள் அதிகம், வெளுத்தவர்களுக்குக் குறைவு என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியில்லை. உடலின் ஒரே பகுதியை எடுத்துப் பார்த்தால், எந்த நாட்டவருக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றுதான். அவை எவ்வளவு மெலனினைச் செய்கின்றன, எந்த வகையைச் செய்கின்றன, அதைப் பொதிந்து அனுப்பும் மெலனோசோம் என்ற நுண்பைகள் எவ்வளவு பெரியவை, அவை எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பவற்றில்தான் வேறுபாடு. சுற்றியுள்ள தோல் செல்களுக்குப் போய்ச் சேரும் அந்தப் பைகள், செல்லின் உட்கருவுக்கு மேலே குடை பிடித்தது போலக் குவிந்து நின்று புறஊதாக் கதிரிலிருந்து மரபுப்பொருளைக் காக்கின்றன.

ஆகவே தோலின் நிறம் அளவில் வேறுபடுகிறதே தவிர, வகையில் வேறுபடுவதில்லை. கருவிகளால் அளந்தால் உலகின் எல்லா மனிதத் தோல்களும் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்ட குறுகிய பகுதிக்குள்ளேயே விழுகின்றன. நாம் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று பிரித்துப் பேசுபவை யாவும் ஏறத்தாழ ஒரே ஆரஞ்சுச் சாயலின் இருண்ட, வெளிறிய படிகள். அந்தப் படிகளுக்கு நடுவில் இயற்கை எங்கும் கோடு போட்டு வைக்கவில்லை.

மரபியலும் இதையே சொல்கிறது. தோலின் நிறத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மரபணுக்களுக்குப் பங்குண்டு. ஒவ்வொன்றும் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். இப்படிப் பல காரணிகள் கூடி ஒரு பண்பைத் தீர்மானிக்கும்போது, மக்களில் மிகப் பலர் நடுவிலும் சிலர் மட்டுமே ஓரங்களிலும் அமைவது வழக்கம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த அக்காளும் தம்பியும் நிறத்தில் வேறுபடுவதற்கும் இந்தக் கலப்பே காரணம்.

அந்த மரபணுக்களில் எஸ்.எல்.சி.24ஏ5 என்பது பெரும்பங்கு வகிக்கிறது. வரிக்குதிரை மீனின் வெளிறிய வகை ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2005-இல் அதன் வேலையைக் கண்டறிந்தார்கள். அதில் ஒரே ஓர் எழுத்து மாறினால் மெலனின் குறைகிறது. ஹைதராபாதின் செல், மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்ட குழுவினர் தென்னிந்தியாவில் 1,228 பேரின் தோல் நிறத்தைக் கருவியால் அளந்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களிடையே காணப்பட்ட நிற வேறுபாட்டில் ஏறத்தாழ 27 விழுக்காட்டை அந்த ஓரெழுத்து மாற்றமே விளக்கியது. ஐரோப்பியர்களிடமும் தெற்காசியர்களிடமும் இருக்கும் அந்த மாற்றம் ஒரே மூலத்திலிருந்து வந்தது. அதன் வயது 22,000 முதல் 28,000 ஆண்டுகள் என்று கணித்தார்கள். கறுப்பும் மாநிறமும் சிவப்பும் கலந்து கிடக்கும் நம் தெருக்களுக்குப் பின்னால் அவ்வளவு நீண்ட இடப்பெயர்ச்சியும் கலப்பும் இருக்கின்றன.

அளக்க முயன்றவர்கள்

கோடு இல்லாத இடத்தில் கோடு போடும் முயற்சிகள் நூறாண்டுக்கு மேலாக நடந்து வருகின்றன. ஆஸ்திரியாவில் பிறந்த மானிடவியலாளர் ஃபெலிக்ஸ் ஃபோன் லூஷான் 36 கண்ணாடிச் சில்லுகளைக் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். சில்லைத் தோலின் அருகே பிடித்து எது ஒத்துப்போகிறது என்று பார்க்க வேண்டும். இனங்களைத் தரம் பிரிக்கும் வேலைக்கு இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் அது பரவலாகப் பயன்பட்டது. ஒரே ஆளுக்கு ஒருவர் ஓர் எண்ணும் மற்றொருவர் வேறோர் எண்ணும் கொடுத்தார்கள். ஒளியை அளக்கும் கருவிகள் வந்தபின் அது வழக்கொழிந்தது.

இன்று தோல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோல் 1975-இல் பிறந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் அதை நிறத்துக்காக உருவாக்கவில்லை. சொரியாசிஸ் நோய்க்குப் புறஊதாக் கதிர் சிகிச்சை தரும்போது யாருக்கு எவ்வளவு தரலாம் என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. வெயில் பட்டால் தோல் எரிந்து சிவக்கிறதா, கருக்கிறதா என்ற கேள்வியை வைத்து வகை பிரித்தார். முதலில் இருந்த நான்கு வகைகளும் வெள்ளைத் தோலுக்கானவை. பழுப்புக்கும் கறுப்புக்கும் உரிய ஐந்தாம், ஆறாம் வகைகள் பிறகே சேர்ந்தன. பழுப்பும் கறுப்புமான தோலினர் யாவரும் அந்தக் கடைசி இரண்டு கட்டங்களுக்குள் நெருக்கி அமர்த்தப்பட்டார்கள்.

இந்தக் குறையை உணர்ந்து, ஹார்வர்டின் சமூகவியலாளர் எல்லிஸ் மாங்க் 10 படிகள் கொண்ட ஓர் அளவுகோலை அமைத்தார். கூகுள் நிறுவனம் 2022-இல் அதை எல்லோரும் பயன்படுத்தும்படி வெளியிட்டது. ஆய்வுக்கூடங்களில் இதைவிட நுட்பமான வழி இருக்கிறது. தோலின் மீது சிவப்பொளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியை அளந்து ‘மெலனின் குறியெண்’ கணக்கிடுகிறார்கள். வெயில் அதிகம் படாத இடம் என்பதால் மேற்கையின் உட்புறத்தில் அளப்பது வழக்கம்.

‘எந்த இடத்தில் அளப்பது?’ என்ற கேள்வியே நிறத்தின் இயல்பைக் காட்டிக் கொடுக்கிறது. ஒரே ஆளின் முழங்கையின் வெளிப்புறம் ஒரு நிறம், உட்புறம் ஒரு நிறம், உள்ளங்கை வேறொரு நிறம். வெயிலில் நின்ற இரண்டு மூன்று நாளில் தோல் கருக்கத் தொடங்குகிறது. மேல்தோல் ஏறத்தாழ நான்கு வாரங்களில் புதுப்பிக்கப்படுவதால், வெயிலைத் தவிர்த்தால் அந்தக் கருமை மெல்ல உதிர்ந்து போகிறது. பிறந்த குழந்தையின் நிறம் அப்படியே நிற்பதில்லை. முதல் மாதங்களில் மெலனின் கூடிக் கருக்கும். களை எடுக்கப் போகிற பெண்ணுக்குச் சித்திரையில் ஒரு நிறமும் மார்கழியில் ஒரு நிறமும் இருக்கும். மூன்று தசமத் துல்லியத்தில் ஓர் எண்ணைக் கொடுத்தாலும், அது ஓர் உடலின் ஓரிடத்தில் ஒரு நாளின் எண் மட்டுமே.

கண்ணும் ஒரு பங்கு சேர்க்கிறது

தோல் மாறாமல் இருந்தாலும் பார்வை மாறும். பாரிசில் கோபெலென் நெசவாலையின் சாயப்பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்த மிஷேல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளரிடம் ஒரு புகார் வந்தது. கறுப்பு நூல் சில துணிகளில் வெளிறித் தெரிகிறது என்றார்கள். சாயத்தைச் சோதித்தார்; குறையே இல்லை. பக்கத்தில் ஓடிய வேறு நிற நூல்கள்தாம் கறுப்பை மங்கச் செய்தன என்று கண்டறிந்தார். அடுத்தடுத்து வைத்த நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்ற விதியை 1839-இல் நூலாக எழுதினார். வெள்ளைச் சேலை உடுத்தினால் கருத்துத் தெரிவதும், கரும்பச்சைச் சேலையில் அதே முகம் துலங்குவதும் இந்த விதியால்தான். குழுப்படத்தில் யார் பக்கத்தில் நிற்கிறோம் என்பதும் நம் நிறத்தைத் தீர்மானிக்கிறது.

ஒளியும் அப்படியே. காலை வெயில், மேகமூட்டம், குழல்விளக்கு, பழைய மஞ்சள் சோடியம் தெருவிளக்கு என்று ஒவ்வொன்றிலும் தோலிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி வேறு. மூளை இந்த மாற்றங்களைத் தள்ளிக் கழித்து நிறத்தை ஓரளவு நிலையாகக் காட்ட முயல்கிறது. அந்தத் திருத்தம் முழுமையானதல்ல. குறையழுத்தச் சோடியம் விளக்கின் ஒளி ஏறத்தாழ ஒரே அலைநீளத்தில் அடங்கியது என்பதால் அங்கே மூளையின் திருத்தமும் தோற்றுவிடுகிறது.

இத்தனைக்கும் ஈடு கொடுக்கும் சொல்தான் சாட்சிக்கும் அறிவிப்புக்கும் உதவும். இருட்டில் பார்த்தவர், தூரத்தில் பார்த்தவர், வேறு விளக்கில் பார்த்தவர் எல்லோரும் ஓரளவு ஒத்துக்கொள்ளக்கூடிய அகலம் அதற்கு வேண்டும். அகலம் கூடினால் தவறு குறையும். ஆனால் தகவலும் குறையும். மாநிறம் அந்த இரண்டுக்கும் நடுவே தன் இடத்தைப் பிடித்திருக்கிறது.

எல்லை இல்லாமலும் கணக்குப் போடலாம்

தெளிவற்ற சொல்லைக் கணிதத்துக்குள் கொண்டுவந்தவர் லோத்ஃபி சாதே. அசர்பைஜானில் பிறந்து, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், 1965-இல் ‘ஃபஸி’, அதாவது எல்லை மங்கிய, கணங்களைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். பழைய கணக்கில் ஒரு பொருள் ஒரு கணத்துக்குள் இருக்கும் அல்லது வெளியே இருக்கும், இரண்டில் ஒன்று. சாதேயின் கணக்கில் உறுப்பினராக இருப்பதற்கே அளவு உண்டு. அது 0 முதல் 1 வரை எதுவாகவும் இருக்கலாம். ஒருவர் மாநிறக் கணத்தில் 0.9 அளவும், மற்றொருவர் அதில் 0.5 அளவும் கறுப்புக் கணத்தில் 0.4 அளவும் இருக்கலாம். மாநிறம் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. எவ்வளவு என்பதே கேள்வி.

இந்தக் கணக்கு ஏட்டோடு நிற்கவில்லை. ஜப்பானின் செண்டாய் நகர மெட்ரோ ரயில் 1987 முதல் இந்த முறையில் வேகத்தையும் நிறுத்தத்தையும் சீராகக் கட்டுப்படுத்தியது. நம் வீட்டுத் துணி துவைக்கும் எந்திரங்களின் மேல் ‘ஃபஸி லாஜிக்’ என்று அச்சிட்டிருப்பதும் இதுவே. ‘கொஞ்சம் அழுக்கு’, ‘நிறையத் துணி’ என்ற மனிதச் சொற்களை எந்திரம் இந்த வழியில் கையாள்கிறது. எல்லை மங்கிய சொற்களைக் கொண்டு மனிதன் காலங்காலமாகச் சரியாகவே முடிவெடுத்து வந்தான். அதற்குரிய கணக்கைத்தான் சாதே 1965-இல் எழுதினார்.

சொல் போதாத இடங்கள்

மாநிறம் என்ற சொல்லின் நெகிழ்வைப் போற்றும் அதே மூச்சில், அது போதாத இடங்களையும் சொல்லியாக வேண்டும். உயிர் ஊசலாடும் இடத்தில் சொல் போதாது, அளக்க வேண்டும்.

கொரோனாக் காலத்தில் நம் விரல் நுனிகளைக் கவ்விய ஆக்சிமீட்டரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். அது சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலில் செலுத்தி, இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணிக்கிறது. தோலின் மெலனினும் அந்த ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகிறது. 2020-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, கருவி 92 முதல் 96 விழுக்காடு காட்டியபோது உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. மூச்சு முட்டும் ஒருவருக்குக் கருவி ‘நலம்’ என்று சொன்னால் அதன் விலை பெரிது.

கணினிகளும் இதே தவற்றைச் செய்தன. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-இல் சோதித்தார்கள். வெளுத்த ஆண்களிடம் பிழை 0.8 விழுக்காட்டைத் தாண்டவில்லை. கருத்த பெண்களிடம் 34.7 விழுக்காடு வரை போயிற்று. எந்த நிறத்தவரின் படங்களைக் கொண்டு எந்திரத்துக்குப் பாடம் நடத்தினார்கள் என்பதை இந்த எண்கள் காட்டின. இங்கெல்லாம் ‘மாநிறத்தவரும் இருந்தார்கள்’ என்று பொதுவாகச் சொல்வது பயன்படாது. எந்தப் படியில் எத்தனை பேர் என்று எண்ணிக் காட்ட வேண்டும்.

மணமேடைக்கு முந்தைய பேச்சில் இந்தச் சொல் வேறு விதமாகப் பிழைபடுகிறது. அங்கே மாநிறம் ஒரு வருணனையாக இருப்பதில்லை. தரப்பட்டியலில் ஓர் இடமாகிவிடுகிறது. கறுத்த பெண்ணை ‘கொஞ்சம் மாநிறம்’ என்று சொல்லி வைக்கிறார்கள். ‘கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா’ என்று பாராட்டுகிறார்கள். அந்த ‘இருந்தாலும்’ என்ற ஒரு சொல்லுக்குள் எவ்வளவு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது என்பதைச் சொல்பவர் அறிவதில்லை. கேட்கும் பெண் அறிவாள். கறுப்பு ஒரு குறை, மாநிறம் ஒரு சலுகை என்ற கணக்கை மாமையைப் போற்றிய மொழியே சுமக்க நேர்ந்தது வேதனைக்குரியது.

மாற்றத்துக்கான முயற்சிகளும் நடக்கின்றன. கறுப்பும் அழகே என்ற இயக்கத்தைச் சென்னையிலிருந்து ‘விமன் ஆஃப் வொர்த்’ அமைப்பு 2009-இல் தொடங்கியது. 2020-இல் ஒரு பெரிய திருமணத் தகவல் இணையதளம், தோல் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை எதிர்ப்புக்குப் பின் நீக்கியது. 1975 முதல் விற்பனையில் இருந்த சிவப்பழகுக் களிம்பு ஒன்றும் அதே ஆண்டில் ‘ஃபேர்’ என்ற சொல்லைத் தன் பெயரிலிருந்து எடுத்தது. பெயர் மாறினால் மனம் மாறிவிடாது. ஆனாலும் எந்தச் சொல்லை எங்கே வைக்கிறோம் என்று கேள்வி எழுந்ததே ஒரு தொடக்கம்.

எப்படிப் பயன்படுத்துவது?

காணாமல் போன ஒருவரைத் தேடி அறிவிப்பு எழுத நேர்ந்தால், மாநிறம் என்று எழுதுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். மாறாத அடையாளங்களைச் சேருங்கள்: எந்தப் புருவத்தில் தழும்பு, எந்தத் தோளில் மச்சம், எப்படி நடப்பார், பேச்சில் எந்த ஊர் வாடை, எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பார். அண்மையில் எடுத்த படத்தைப் பகல் வெளிச்சத்தில் எடுத்ததாகத் தேர்ந்து போடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு மூச்சுத் திணறலோ சோர்வோ கடுமையாக இருந்தால், ஆக்சிமீட்டரின் எண்ணை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். மருத்துவர்கள் இரத்தசோகையையும் மஞ்சள்காமாலையையும் பார்க்கக் கீழிமையின் உட்புறத்தையும் கண்ணின் வெண்மையையும் சோதிப்பது, அங்கே தோலின் மெலனின் குறுக்கே வராது என்பதால்தான்.

வரன் பார்க்கும் குறிப்பில் நிறத்துக்கான வரியை விட்டுவிடுங்கள். படிப்பும் வேலையும் குணமும் அந்த இடத்தை நிரப்பட்டும். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போகும்போது காதோரத்தைப் பார்த்து நிறம் கணிக்கும் வழக்கத்தையும் கைவிடலாம். முதல் சில மாதங்களில் மாறப்போகும் ஒன்றைப் பற்றிப் பேசி அந்தத் தாயை ஏன் கலங்க வைக்க வேண்டும்?

மாநிறம் நல்ல சொல். ஆளை அடையாளம் காண அதைப் பயன்படுத்துவோம். ஆளை மதிப்பிட அதைப் பயன்படுத்தும் பழக்கத்தை இந்தத் தலைமுறையோடு நிறுத்திக்கொள்வோம்.